இசை மென்பொருள் அடிக்கடி படுத்துக்கொள்கிறதா? ஆடியோ சாதனத்திலிருந்து தேடுங்கள்

கியூபேஸ், ரீப்பர், ஏபிள்டன் லைவ், எஃப்எல் ஸ்டுடியோ என எதுவாக இருந்தாலும் சரி, வேலைக்கு நடுவே சட்டென மூடிக்கொண்டால் பலரும் முதலில் மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். ஒரு மாலைப்பொழுது முழுக்கப் போய்விடும். கிராஷ் மட்டும் போகாது. மென்பொருளை நீக்கினாலும் அதன் அமைப்புக் கோப்புகள் பயனர் கோப்புறையில் அப்படியே தங்கிவிடுவதுதான் காரணம். கடைசியாக எந்த ஆடியோ சாதனத்தைத் திறந்தோம் என்ற குறிப்பும் அதற்குள்தான் இருக்கிறது. புதிதாக நிறுவிய மென்பொருள் அந்தக் குறிப்பைப் படித்து, அதே சாதனத்தைத் திறந்து, அதே இடத்தில் விழுகிறது.

ஒரு சவுண்ட் கார்டு எப்படி முழு மென்பொருளையே சாய்க்கும்? விண்டோஸில் பாட்டுக் கேட்பதும் வீடியோ அழைப்பும் விண்டோஸின் ஆடியோ சேவை வழியாக நடக்கின்றன. அந்தச் சேவை தனி நிரலாக ஓடுகிறது; அது தடுமாறினால் சத்தம் நிற்கும், உங்கள் மென்பொருள் நிற்காது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த ஏசியோ முறை இந்த நடுவழியைத் தாண்டிப் போகிறது. தாமதம் குறைய வேண்டும் என்பதற்காக, சாதனத்தின் ஏசியோ டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) கோப்பை இசை மென்பொருள் தன் நினைவகத்துக்குள்ளேயே ஏற்றிக்கொள்கிறது. இரண்டும் ஒரே கூரையின் கீழ். டிரைவர் தடுக்கி விழுந்தால் மென்பொருளும் சேர்ந்து விழும், சேமிக்காத பல்லவியும் போகும்.

இதிலிருந்தே முதல் சோதனை கிடைத்துவிடுகிறது. மென்பொருள் ஓரளவு திறக்கிறது என்றால், ஆடியோ அமைப்பில் சாதனமே இல்லாத நிலைக்கு மாற்றுங்கள். ரீப்பரில் ‘டம்மி ஆடியோ’, லைவில் ‘நோ டிவைஸ்’, கியூபேஸில் ‘நோ டிரைவர்’. அதே புராஜெக்டைத் திறந்து, கிராஷ் வழக்கமாக நடக்கும் வேலையைச் செய்து பாருங்கள். அப்போதும் விழுந்தால் பிளக்இன் (மென்பொருளுக்குள் சேர்ந்து ஓடும் துணை நிரல்) அல்லது புராஜெக்ட் கோப்பின் பக்கம் தேட வேண்டும். இந்தக் கட்டுரை உங்களுக்குப் பெரிதாக உதவாது. விழவில்லை என்றால் மேலே படியுங்கள். இடைப்பட்ட ஒரு சோதனையும் உண்டு: ரீப்பரில் ஏசியோவுக்குப் பதில் வாசாபி, லைவில் எம்எம்இ என்ற விண்டோஸின் சொந்த ஒலி வழிகளுக்கு மாற்றிப் பார்ப்பது. அதில் நிம்மதியாக ஓடினால், சாதனத்தின் வன்பொருளை விட அதன் ஏசியோ டிரைவர் மேல்தான் சந்தேகம் அதிகம்.

விழுந்த இடத்தை முதலில் படியுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஐந்து நிமிடம் இதற்குச் செலவிடுங்கள். பல மணி நேரம் மிச்சமாகும். ஸ்டார்ட் மெனுவில் ஈவென்ட் வியூவரைத் தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழ் ‘அப்ளிகேஷன்’ பகுதிக்குப் போங்கள். சிவப்புக் குறியோடு ‘அப்ளிகேஷன் எரர்’ என்றும் ஈவென்ட் எண் 1000 என்றும் ஒரு பதிவு இருக்கும். நேரத்தைப் பார்த்து, உங்கள் கிராஷ் நடந்த நிமிடத்தோடு அது பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அந்தப் பதிவில் முதல் வரி விழுந்த மென்பொருளின் பெயர். அது உங்களுக்கே தெரியும். முக்கியமானது ‘ஃபால்ட்டிங் மாட்யூல் நேம்’ என்ற வரி; கிராஷ் நடந்த கோப்பின் பெயர் அதில் இருக்கும். கீழே ‘ஃபால்ட்டிங் மாட்யூல் பாத்’ என்று அந்தக் கோப்பு இருக்கும் இடமும் காட்டப்படும். கோப்பின் பெயரில் ஏசியோ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளோ, உங்கள் ஆடியோ இன்டர்ஃபேஸை (வெளியே மாட்டும் ஒலிச் சாதனம்) செய்த நிறுவனத்தின் பெயரோ இருந்தால் டிரைவர் கையும் களவுமாகப் பிடிபட்டது என்று கொள்ளலாம். விஎஸ்டி3 என முடிந்தால் பிளக்இன். இசை மென்பொருளின் பெயரே மாட்யூலாகவும் வந்தால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மேலே சொன்ன சாதனமில்லாச் சோதனைதான் வழி.

என்டிடிஎல்எல் என்ற பெயர் வந்தால் பலர் விண்டோஸையே மறுபடி நிறுவக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். அது விண்டோஸின் அடிப்படை நூலகம். நினைவகத்தை யாரோ முன்பே கெடுத்துவிட்டுப் போயிருப்பார்கள், அது வெளிப்படும் இடம் இதுவாக இருக்கும். ‘எக்ஸெப்ஷன் கோட்’ எண் 0374 என முடிந்தால் இந்த நினைவகக் கேடுதான். 0005 என முடிந்தால், தனக்கு உரிமையில்லாத நினைவக இடத்தை ஏதோ ஒரு நிரல் தொட்டிருக்கிறது. மென்பொருள் மூடாமல் உறைந்து நின்று, நீங்களே வலுக்கட்டாயமாக மூடியிருந்தால் எண் 1000-க்குப் பதில் 1002 இருக்கும்.

‘ரிலையபிலிட்டி மானிட்டர்’ என்ற இன்னொரு கருவியும் விண்டோஸிலேயே இருக்கிறது. கிராஷ்களையும், புதிதாக நிறுவப்பட்ட டிரைவர்களையும், விண்டோஸ் அப்டேட்டுகளையும் ஒரே நாட்காட்டியில் அடுக்கிக் காட்டும். எந்தத் தேதியிலிருந்து தொல்லை தொடங்கியது என்று பாருங்கள். அதற்கு முதல் நாள் என்ன நிறுவப்பட்டது என்பதே பல நேரம் விடையாக இருக்கும்.

மேக்கில் கன்சோல் செயலியில் ‘கிராஷ் ரிப்போர்ட்ஸ்’ பகுதி. அறிக்கையில் விழுந்த திரெட்டின் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைச்சரம்) பெயரில் ‘ஆடியோ ஐஓ திரெட்’ என்பது தெரிந்தால், ஒலி ஓடும் பாதையில்தான் சிக்கல். அந்தத் திரெட்டின் கீழ் வரும் வரிகளில் எந்தப் பிளக்இன் பெயர், எந்த டிரைவர் பெயர் முதலில் வருகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிளக்இன்களும் அதே திரெட்டில் ஓடுவதால் திரெட்டின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

அறிகுறி: திறக்கும் திரையிலேயே நின்றுவிடுகிறது, அல்லது மறைந்துவிடுகிறது

மென்பொருளின் முகப்புப் படம் வருகிறது, கீழே ஆடியோ அல்லது மிடி (கீபோர்டு போன்ற கருவிகளின் இணைப்பு முறை) தொடங்குவதாக ஒரு வரி ஓடுகிறது, அதோடு சரி. எல்லா யுஎஸ்பி ஆடியோ, மிடி சாதனங்களையும் கழற்றிவிட்டு மறுபடி திறங்கள். கீபோர்டு, பேட் கன்ட்ரோலர், வெப்கேமராவின் மைக் எல்லாம் இதில் சேரும். திறந்துவிட்டால் ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு முறையும் மென்பொருளைத் திறந்து பாருங்கள். இரண்டை ஒன்றாக மாட்டினால் சோதனை வீணாகிவிடும்.

கழற்றிய பிறகும் திறக்கவில்லை என்றால், ஆடியோவைத் தொடாமல் உள்ளே நுழையும் வழி தேவை. அது ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேறு. ரீப்பரை நிறுவும்போது ஸ்டார்ட் மெனுவில் ‘ஷோ ஆடியோ கான்ஃபிகரேஷன் ஆன் ஸ்டார்ட்அப்’ என்று தனி இணைப்பு வருகிறது. அதைச் சொடுக்கினால் சாதனத்தைத் திறப்பதற்கு முன்பே அமைப்புப் பெட்டி வந்துவிடும். புரோ டூல்ஸில் திறக்கும்போது ஆங்கில ‘என்’ எழுத்து விசையை அழுத்திப் பிடித்தால் பிளேபேக் எஞ்சினை, அதாவது ஒலிச் சாதனத்தை, தேர்ந்தெடுக்கலாம். லாஜிக் புரோவில் புராஜெக்டைத் திறந்த உடனே கன்ட்ரோல் விசையைப் பிடித்தால், மேக்கின் ஒலி அமைப்பான கோர் ஆடியோவைத் தொடங்கட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். கியூபேஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் பாதுகாப்புப் பெட்டி வரும். அதில் அமைப்புகளை இந்த ஒரு முறைக்கு மட்டும் விலக்கி வைக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அழித்துவிடும் வாய்ப்பும் அருகிலேயே இருக்கும். அதைத் தொட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த விசைக் குறுக்குவழிகளும் போய்விடக்கூடும். ஏபிள்டன் லைவில், பயனர் கோப்புறையின் ‘ஆப்டேட்டா’, ‘ரோமிங்’, ‘ஏபிள்டன்’ என்ற வரிசையில் போய், உங்கள் பதிப்பின் பிரிஃபரன்சஸ் கோப்பை டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். அழிக்காமல் நகர்த்தினால், காரணம் அதுவல்ல என்று தெரிந்ததும் திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

இந்த வழியில் உள்ளே நுழைந்தும் ஏசியோ என்று தேர்ந்தெடுத்தவுடன் விழுகிறதா? அப்படியானால் ஏசியோ பட்டியலில் ஒரு செத்த பதிவு இருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நீண்ட நாள் புதிராகவே இருக்கும் கிராஷ்கள் இங்கேதான் தீர்கின்றன.

கணினியில் நிறுவிய ஒவ்வொரு ஏசியோ டிரைவரும் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் தன் பெயரைப் பதிந்துகொள்கிறது. மூன்று வருடம் முன்பு விற்றுவிட்ட இன்டர்ஃபேஸின் பெயரும் அங்கே கிடக்கலாம். சில மென்பொருள்கள், குறிப்பாக போர்ட்ஆடியோ நூலகத்தை ஏசியோவோடு சேர்த்துப் பயன்படுத்துபவை, திறக்கும்போதே பட்டியலில் உள்ள ஒவ்வொரு டிரைவரையும் ஏற்றித் தட்டிப் பார்க்கின்றன. அதில் ஒன்று மோசமாக எழுதப்பட்டிருந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்காத, மாட்டியே இராத சாதனத்தால் மென்பொருள் விழும். மாட்டியிருக்கும் நல்ல இன்டர்ஃபேஸை எத்தனை முறை சரிபார்த்தாலும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

சுத்தம் செய்யும் முறை இது:

1. இசை மென்பொருள்கள் எல்லாவற்றையும் மூடிவிட்டு ரெஜிஸ்ட்ரி எடிட்டரை நிர்வாகி உரிமையோடு திறங்கள்.
2. ‘ஹெச்கீ லோக்கல் மெஷின்’, அதற்குள் ‘சாஃப்ட்வேர்’, அதற்குள் ‘ஏசியோ’ என்று போங்கள். ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு கோப்புறை இருக்கும்.
3. ஏசியோ கோப்புறையின் மேல் வலது சொடுக்கில் ‘எக்ஸ்போர்ட்’ கொடுத்து, டெஸ்க்டாப்பில் சேமியுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகவே கூடாது.
4. இப்போது உங்களிடம் இல்லாத சாதனங்களின் கோப்புறைகளை மட்டும் நீக்குங்கள்.
5. ‘சாஃப்ட்வேர்’ என்பதற்குள்ளேயே ‘வாவ்6432நோட்’ என்று 32-பிட் நிரல்களுக்கான பகுதி உண்டு. பழைய 32-பிட் மென்பொருள் பயன்படுத்தினால் அங்கே உள்ள ஏசியோ கோப்புறையையும் இதேபோல் பாருங்கள்.
6. கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

தவறாக எதையாவது நீக்கிவிட்டால், டெஸ்க்டாப்பில் சேமித்த கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும்.

இந்தப் பட்டியலில் அடிக்கடி தென்படும் ஒரு பெயர் ‘ரியல்டெக் ஏசியோ’. மதர்போர்டின் ஒலிச் சில்லுக்கான டிரைவரோடு சேர்ந்து தானாக வந்துவிடுகிறது. தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. கிராஷ் புகார்களில் அது அடிக்கடி அடிபடுகிறது. ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டு அந்தப் பதிவை நீக்கிவிடுவதே நல்லது. ஸ்பீக்கரில் சாதாரண ஒலி இதனால் பாதிக்கப்படாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: விண்டோஸ் அப்டேட் ரியல்டெக் டிரைவரைப் புதுப்பிக்கும்போது இந்தப் பதிவும் திரும்ப வந்துவிடலாம். ஆறு மாதம் கழித்து பழைய கிராஷ் தலைகாட்டினால் முதலில் இங்கே பாருங்கள்.

மிடியிலும் இதே கதை உண்டு. ஒரே கீபோர்டை வெவ்வேறு யுஎஸ்பி போர்ட்டில் மாட்டும்போது விண்டோஸ் சில சமயம் அதைப் புதுச் சாதனமாகப் பதிந்துகொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் ‘வியூ’ மெனுவிலிருந்து ‘ஷோ ஹிடன் டிவைசஸ்’ கொடுத்தால் இப்போது மாட்டப்படாத சாதனங்கள் மங்கலாகத் தெரியும். ஒலி, மிடி சம்பந்தப்பட்ட மங்கல் பெயர்களை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். மங்காத எதையும் தொடாதீர்கள்.

அறிகுறி: சாதனத்தை மாற்றும்போது விழுகிறது

பிரிஃபரன்சஸில் ஒரு டிரைவரிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் அந்த நொடியில், பழைய டிரைவர் கோப்பு இறங்கிப் புதியது ஏற வேண்டும். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றாதீர்கள். பாட்டை நிறுத்தி, முதலில் ‘சாதனம் இல்லை’ நிலைக்குப் போய், சில நொடி விட்டு, பிறகு புதியதைத் தேர்ந்தெடுங்கள். இது ஒன்றே பலருக்குப் போதும்.

அடுத்தது, வேறு யாராவது சாதனத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்களா என்பது. பல ஏசியோ டிரைவர்கள் ஒரு நேரத்தில் ஒரு மென்பொருளுக்குத்தான் இடம் கொடுக்கும். பிரவுசரில் ஓடும் வீடியோ, பின்னணியில் திறந்தே இருக்கும் வீடியோ அழைப்புச் செயலி, திரைப்பதிவு செயலி எல்லாவற்றையும் மூடிவிட்டுப் பாருங்கள். நீடித்த தீர்வு வேண்டுமென்றால் விண்டோஸின் சாதாரண ஒலிகளை மதர்போர்டின் ஸ்பீக்கர் வழிக்குத் திருப்பிவிட்டு, இன்டர்ஃபேஸை இசை மென்பொருளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

ஏசியோ4ஆல் என்பது பலர் நினைப்பதுபோல் உண்மையான சாதன டிரைவர் அல்ல. விண்டோஸ் டிரைவரை ஏசியோ போலக் காட்டும் போர்வை. சொந்த ஏசியோ டிரைவர் இல்லாத மடிக்கணினியின் ஒலிச் சில்லுக்கு அது மிகவும் உதவுகிறது. உற்பத்தியாளரே ஏசியோ டிரைவர் கொடுத்திருக்கும் இன்டர்ஃபேஸுக்கு அதைப் போடாதீர்கள். நல்ல சாலை இருக்க வரப்பில் வண்டி ஓட்டுவது போலாகும்.

அதோடு, யுஎஸ்பி மைக்கை உள்ளீடாகவும் மடிக்கணினியின் ஹெட்ஃபோன் துளையை வெளியீடாகவும் அதில் சேர்த்து வைப்பார்கள். இரண்டும் நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) என்று சொல்லிக்கொண்டாலும் இரண்டின் கடிகாரமும் வேறு. பத்து லட்சத்துக்கு 50 என்ற சிறு வேறுபாடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 2.4 சாம்பிள் விலகும். 256 சாம்பிள் பஃபர் (ஒலி தற்காலிகமாகத் தங்கும் நினைவக இடம்) இரண்டு நிமிடத்துக்குள் வற்றிவிடும், அல்லது நிரம்பி வழியும். ஒழுங்காக எழுதிய டிரைவர் இதை ஒரு ‘டிக்’ சத்தத்தோடு கடந்துபோகும். மற்றவை உறைந்து நிற்கும். ‘ரெக்கார்டிங் தொடங்கி கொஞ்ச நேரத்தில்தான் நிற்கிறது’ என்றால் இந்த இரட்டைக் கடிகாரத்தை நினையுங்கள். உள்ளீடு, வெளியீடு இரண்டும் ஒரே சாதனத்தில் இருந்தால் இந்தப் பிரச்சினையே கிடையாது. பல யுஎஸ்பி மைக்குகளில் ஹெட்ஃபோன் துளை இருப்பதே இதற்காகத்தான், அதைப் பயன்படுத்துங்கள். மேக்கில் பல சாதனங்களை ஒன்றாகச் சேர்க்கும் அக்ரிகேட் டிவைஸ் அமைத்தால், கடிகார மூலமாக ஒன்றை வைத்து, மற்றதற்கு ‘டிரிஃப்ட் கரெக்ஷன்’ கட்டத்தில் குறியிடுங்கள்.

அறிகுறி: சாம்பிள் ரேட் அல்லது பஃபர் மாறும்போது விழுகிறது

நீங்கள் எதையும் மாற்றவில்லை என்று உறுதியாகச் சொல்வீர்கள். மாற்றியது வேறு மென்பொருளாக இருக்கலாம். 44,100 சாம்பிள் ரேட்டில் (நொடிக்கான சாம்பிள் எண்ணிக்கை) புராஜெக்ட் ஓடும்போது 48,000 கேட்கும் ஒரு நிரல் அதே சாதனத்தைத் திறந்தால், டிரைவர் இசை மென்பொருளிடம் ‘என்னை மறுபடி தொடங்கு’ என்று கேட்கும். இரண்டு பக்கமும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால் அரை நொடி மௌனத்தோடு முடியும். இல்லையென்றால் கிராஷ். பழைய சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் சாதனத்தின் ‘அட்வான்ஸ்ட்’ தாளுக்குப் போய், இயல்பு வடிவத்தைப் புராஜெக்டின் ரேட்டுக்கே வையுங்கள். பிளேபேக், ரெக்கார்டிங் இரண்டு பக்கமும் ஒரே எண். இன்டர்ஃபேஸின் சொந்தப் பேனலில் ரேட்டைப் பூட்டும் வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள்.

பஃபர் பற்றி: 48,000 ரேட்டில் 64 சாம்பிள் என்றால் 1.3 மில்லிநொடி, 256 என்றால் 5.3. பாடகர் ஹெட்ஃபோனில் தன் குரலைக் கேட்டபடி பதியும்போது 128 போதும். மிக்ஸ் செய்யும்போது 512 அல்லது 1024 வையுங்கள். சின்ன பஃபர் மட்டும் மென்பொருளைச் சாய்ப்பது அபூர்வம். பெரும்பாலும் வெடிப்புச் சத்தம்தான் வரும். ஆனால் வாசாபியில் 48,000 ரேட்டுக்கு 480 போல, இரண்டின் அடுக்காக (64, 128, 256 போல) இல்லாத எண்கள் பஃபராக வரும்போது சில பிளக்இன்கள் தடுமாறுகின்றன. வெற்றுப் புராஜெக்டில் பஃபரை மாற்றிப் பாருங்கள். அங்கே விழாமல் உங்கள் புராஜெக்டில் மட்டும் விழுந்தால் சாதனத்தை விட்டுவிட்டுப் பிளக்இன்களைச் சோதியுங்கள்.

அறிகுறி: ஆடாசிட்டி போன்றவற்றில் எண்ணோடு பிழை வருகிறது

ஒலிப்பதிவு மென்பொருளான ஆடாசிட்டி கிராஷ் ஆவதைவிட ‘சாதனத்தைத் திறக்க முடியவில்லை’ என்று ஒரு எதிர்ம எண் காட்டுவதே அதிகம். அந்த எண்கள் போர்ட்ஆடியோவிடமிருந்து வருகின்றன. -9996 என்றால் சாதனமே காணவில்லை; மெனுவில் சாதனங்களை மறுபடி தேடச் சொல்லுங்கள். -9997 சாம்பிள் ரேட் பொருந்தவில்லை. -9998 சேனல் எண்ணிக்கை தவறு. ஒற்றைச் சேனல் மைக்கில் ஸ்டீரியோ பதியக் கேட்டிருப்பீர்கள். -9999 என்பது எதிர்பாராத பிழை என்ற பொதுப் பெயர். விண்டோஸ் 10, 11-இல் மைக்குக்கான தனியுரிமை அனுமதி அணைந்திருப்பது இதற்கு அடிக்கடி காரணமாகிறது. செட்டிங்ஸில் ‘பிரைவசி’, அதில் ‘மைக்ரோஃபோன்’. அங்கே டெஸ்க்டாப் செயலிகளுக்கான அனுமதி தனியாக, கீழே இருக்கும். அதையும் இயக்குங்கள்.

அறிகுறி: கேபிள் அசைந்தாலோ, கணினி தூங்கி எழுந்தாலோ விழுகிறது

ஓடிக்கொண்டிருக்கும் சாதனம் பாதியில் மறைந்துபோவதைச் சமாளிக்க எல்லா ஏசியோ டிரைவராலும் முடிவதில்லை. ஆகவே இங்கே வேலை, சாதனம் மறையாமல் பார்த்துக்கொள்வது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு ‘யுஎஸ்பி ரூட் ஹப்’பின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ தாளிலும், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். பவர் பிளானின் விரிவான அமைப்பில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் முடக்குங்கள். கணினியைத் தூங்க வைக்கும் முன் மென்பொருளை மூடும் பழக்கமும் வேண்டும்.

மின்சாரக் கணக்கையும் பாருங்கள். யுஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 3 தருவது 900. 48 வோல்ட் ஃபாண்டம் பவரில் (கேபிள் வழியே மைக்குக்குத் தரும் மின்சாரம்) ஒரு கண்டென்சர் மைக் அதிகபட்சம் 10 மில்லிஆம்பியர் இழுக்கலாம். அது ஏறக்குறைய அரை வாட். 5 வோல்ட் யுஎஸ்பி பக்கத்தில் அதுவே சுமார் 100 மில்லிஆம்பியராகிறது, மாற்றத்தில் இழப்பு தனி. இரண்டு மைக், உரத்த ஹெட்ஃபோன், அதே ஹப்பில் ஒரு ஹார்டு டிஸ்க் என்றால் எல்லை எளிதில் தாண்டிவிடும். ‘ஃபாண்டம் பவர் போட்டவுடன் மென்பொருள் நிற்கிறது’ என்பவர்கள் ஹப்பை விட்டு, கணினியின் பின்பக்க போர்ட்டில் நேரடியாக மாட்டிப் பாருங்கள். தனி அடாப்டர் உள்ள ஹப் இரண்டாவது தேர்வு. கேபிளையும் மாற்றிப் பாருங்கள்; துளையில் லேசாக ஆடும் கேபிள் நல்ல டிரைவரையும் கெட்டதாகக் காட்டும்.

எச்டிஎம்ஐ மானிட்டரும் ஒரு ஆடியோ சாதனம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மானிட்டர் அணையும்போது அந்த ஒலிச் சாதனமும் மறைய, விண்டோஸ் இயல்புச் சாதனத்தை மாற்றுகிறது. மானிட்டர் ஸ்பீக்கரைப் பயன்படுத்தாதவர்கள் சவுண்ட் பேனலில் அதை முடக்கிவிடலாம்.

அறிகுறி: ப்ளூடூத் ஹெட்செட் மாட்டினால் தொல்லை

இசை கேட்கும் நிலையிலிருந்து மைக்கும் இயங்கும் நிலைக்கு மாறினால் ஹெட்செட் தொலைபேசித் தரத்துக்கு இறங்குகிறது. சாம்பிள் ரேட் 16,000, சிலவற்றில் 8,000 வரைகூட. 48,000-இல் இருந்த மென்பொருள் திகைத்துப் போகிறது. லாஜிக்கில் ‘சாம்பிள் ரேட் முரண்’ என்ற எச்சரிக்கை வருவது இதனால்தான். வெளியீடு ப்ளூடூத்தாக இருக்கட்டும், உள்ளீட்டை வேறு மைக்குக்கு மாற்றுங்கள். பாட்டுப் பதிவுக்கு ப்ளூடூத்தே வேண்டாம், அதன் தாமதம் தாங்காது.

அறிகுறி: நீலத்திரை

இது வேறு தளம். ஏசியோ கோப்பு மென்பொருளுக்குள் ஓடுகிறது. அதற்குக் கீழே சாதனத்தின் இன்னொரு பகுதி விண்டோஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள் ஓடுகிறது. அது விழுந்தால் கணினியே விழும். நீலத்திரையில் ஏதாவது கோப்புப் பெயர் தெரிந்தால் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ‘டிபிசி வாட்ச்டாக்’ என்ற சொற்கள் இருந்தால், ஏதோ ஒரு டிரைவர் தனக்கு உரிய நேரத்தைத் தாண்டி புராசசரைப் பிடித்து வைத்திருக்கிறது. லேட்டன்சிமான் என்ற கருவியைப் பத்து நிமிடம் ஓட விட்டால் அதிக நேரம் எடுக்கும் டிரைவரின் பெயரைக் காட்டும். அது ஆடியோ டிரைவராக இல்லாமல் வைஃபை அல்லது கிராஃபிக்ஸ் டிரைவராக இருப்பதும் சகஜம்.

விண்டோஸ் 11-இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ இயங்கும்போது சில பழைய டிரைவர்கள் ஏறவே மறுக்கும். அந்தப் பாதுகாப்பை அணைப்பதைவிட, உற்பத்தியாளரிடம் புதிய டிரைவர் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. ஆர்ம் புராசசர் உள்ள விண்டோஸ் மடிக்கணினி வாங்கியவர்களுக்கு இன்னொரு செய்தி: சாதாரண நிரல்கள் மொழிமாற்றத்தில் ஓடிவிடும், கெர்னல் டிரைவர் ஓடாது. உங்கள் இன்டர்ஃபேஸுக்கு ஆர்ம்64 டிரைவர் வெளிவந்திருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

மேக்கில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

மேக்கில் ஆடியோவைத் தனிச் சேவை ஒன்று கவனித்துக்கொள்கிறது. எல்லா மென்பொருளும் ஒன்றாக உறைந்தால் ஆக்டிவிட்டி மானிட்டரில் ‘கோர்ஆடியோடி’ என்ற நிரலைத் தேடி வலுக்கட்டாயமாக நிறுத்துங்கள். சில நொடியில் தானே மறுபடி எழும். திறந்திருக்கும் புராஜெக்டை அதற்கு முன் சேமித்துவிடுங்கள்.

மெய்நிகர் ஒலிக் கேபிள்களும் பழைய இன்டர்ஃபேஸ்களின் மிச்சங்களும் முதன்மை வட்டின் ‘லைப்ரரி’, ‘ஆடியோ’, ‘பிளக்-இன்ஸ்’, ‘ஹெச்ஏஎல்’ கோப்புறையில் குடியிருக்கின்றன. பயன்படுத்தாதவற்றை அங்கிருந்து டெஸ்க்டாப்புக்கு நகர்த்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள். 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து மைக்குக்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியைக் கேட்கவே தெரியாத பழைய மென்பொருள், மைக்கைத் தொட்ட கணத்தில் மேக்ஓஎஸ்ஸால் மூடப்படும். கிராஷ் அறிக்கையில் ‘டிசிசி’ என்ற எழுத்துகள் இருந்தால் அதுதான். மென்பொருளைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

டிரைவரை ஒழுங்காக மறுபடி நிறுவுதல்

பழையதன் மேல் புதியதைப் போடுவது பல நேரம் பழைய தவறையும் காப்பாற்றி வைக்கிறது. சாதனத்தைக் கழற்றுங்கள். பழைய டிரைவரை நீக்குங்கள். ரீஸ்டார்ட் கொடுங்கள்; ‘ஷட் டவுன்’ கொடுத்து மறுபடி இயக்குவது போதாது, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும்போது கெர்னலும் டிரைவர்களும் முழுமையாகப் புதிதாகத் தொடங்குவதில்லை. பிறகு உற்பத்தியாளரின் தளத்திலிருந்து இறக்கிய டிரைவரை நிறுவி, அது கேட்கும்போது மட்டும் சாதனத்தை மாட்டுங்கள். ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளேயே இருக்கும் நிரல்) புதுப்பிப்பு இருந்தால் அதே அமர்வில் முடித்துவிடுங்கள். டிரைவரும் ஃபர்ம்வேரும் வெவ்வேறு காலத்தவையாக இருப்பது தனிப் பிரச்சினை.

மதர்போர்டோடு வரும் ஒலி மெருகேற்றும் மென்பொருள்களையும் இந்த நேரத்தில் நீக்கிவிடுங்கள். நஹிமிக் போன்றவை தம் கோப்பை மற்ற நிரல்களுக்குள்ளும் நுழைக்கின்றன. ஈவென்ட் வியூவரில் அந்தப் பெயர் மாட்யூலாக வந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தீரவில்லையென்றால் உற்பத்தியாளருக்கு எழுத வேண்டும். ‘அடிக்கடி கிராஷ் ஆகிறது’ என்று மட்டும் எழுதினால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். விண்டோஸ் பதிப்பு, டிரைவர் பதிப்பு, ஃபர்ம்வேர் பதிப்பு, சாம்பிள் ரேட், பஃபர், எந்த போர்ட், ஈவென்ட் வியூவரின் மாட்யூல் வரி, கிராஷை மறுபடி வரவழைக்கும் படிகள் ஆகியவற்றை எழுதுங்கள். கியூபேஸ் தன் டம்ப் கோப்புகளை (கிராஷ் நேரத்து நினைவகப் பதிவு) ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் ‘ஸ்டைன்பெர்க்’, அதற்குள் ‘கிராஷ்டம்ப்ஸ்’ என்ற இடத்தில் வைக்கிறது. உறைந்து நிற்கும் மென்பொருளுக்கு, மூடுவதற்கு முன்பே டாஸ்க் மேனேஜரின் ‘டீட்டெய்ல்ஸ்’ தாளில் அதன் மேல் வலது சொடுக்குச் செய்து டம்ப் கோப்பு உருவாக்குங்கள். அப்படி எடுக்கும் முழு டம்பில் நினைவகத்தில் இருந்த உங்கள் வேலையும் கலந்திருக்கும். பொதுவெளியில் போடாமல், உதவிப் பிரிவு தரும் தனி இணைப்பில் மட்டும் ஏற்றுங்கள்.